வாடகை வீட்டு ஹாலுக்கு எந்தப் புரொஜெக்டர்?

கேள்வி: ஸ்ரீரங்கத்தில் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். ஹால் 14 அடிக்கு 11 அடி. 43 இன்ச் டிவி இருக்கிறது. பகலில் அது மாமியார் கையில். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளோடு உட்கார்ந்து படம் பார்க்க ஒரு புரொஜெக்டர் வாங்கலாம் என்று 60,000 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறோம். என் கணவருக்கு ஹோம் தியேட்டர் புரொஜெக்டர்தான் வேண்டுமாம். 'போர்ட்டபிள் வாங்கு அக்கா, மொட்டை மாடியில்கூடப் பார்க்கலாம்' என்கிறான் தம்பி. கடையில் போய்ப் பார்த்தால் 12,000 ரூபாய் போர்ட்டபிள் பெட்டியில் 9000 லூமென்ஸ் என்று போட்டிருக்கிறது. ஐந்து மடங்கு விலையுள்ள பெரிய மெஷினில் 3000தான் இருக்கிறது. ஒன்றும் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பகலில் கிரிக்கெட் பார்க்க முடியுமா? ஸ்கிரீன் தனியாக வாங்க வேண்டுமா? மண்ணச்சநல்லூர் பக்கம் சொந்த வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம், லிண்டல் வரை வந்திருக்கிறது. அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள் சார்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, கடிதத்தின் கடைசியில் வீடு லிண்டல் வரை வந்திருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் பதில் முழுக்க அந்த வரியை வைத்துத்தான்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது இருக்கிற வீட்டுக்கு நல்ல போர்ட்டபிள் ஒன்று வாங்குங்கள். கடையில் பார்த்த அந்த 12,000 ரூபாய் மெஷின் வேண்டாம். பெரிய புரொஜெக்டரைப் புது வீட்டுக்குக் குடிபோன பிறகு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதன் வயர் போவதற்கான பைப்பை இப்போதே, தளம் காங்கிரீட் போடுவதற்கு முன்பே, போட்டுவிடுங்கள். உங்கள் கணவர் ஆசைப்படுவது சரியான மெஷின்தான். அது உட்காருவதற்கான வீடு இன்னும் கட்டி முடியவில்லை, அவ்வளவுதான்.

இனி காரணங்கள். முதலில் அந்த 9000.

உங்கள் வீட்டில் எரியும் 9 வாட் எல்இடி பல்ப் ஏறக்குறைய 900 லூமென்ஸ் வெளிச்சம் தரும். அதாவது ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென்ஸ். இந்தக் கணக்குப்படி 9000 லூமென்ஸ் வேண்டுமென்றால், உண்டாகிற வெளிச்சம் ஒரு பொட்டுகூட வீணாகாமல் லென்ஸ் வழியே வெளியே வந்தாலும், விளக்குக்கு மட்டுமே 90 வாட் வேண்டும். நிஜத்தில் பாதிக்கு மேல் உள்ளேயே போய்விடும். மலிவு விலை மெஷின்களில் ஒரே ஒரு எல்சிடி தகடுதான் இருக்கும். வெளிச்சம் அதைத் தாண்டுவதற்குள்ளேயே பெரும்பகுதி வெப்பமாகிவிடும். அடுத்த முறை கடைக்குப் போகும்போது அந்த மெஷினின் அடாப்டரையோ பின்பக்க ஸ்டிக்கரையோ திருப்பி, எத்தனை வாட் என்று பாருங்கள். 60, 70 வாட்டில் ஓடுகிற மெஷினிலிருந்து 9000 லூமென்ஸ் வெளியே வர வழியே இல்லை.

நம்பத்தக்க அளவு ஆன்சி லூமென்ஸ், அல்லது ஐஎஸ்ஓ 21118 முறைப்படி அளந்த லூமென்ஸ். ஆன்சி முறையில் திரையில் விழும் வெள்ளைப் படத்தை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் வெளிச்சத்தை அளந்து, சராசரி எடுத்து, திரையின் பரப்பளவால் பெருக்குவார்கள். உண்மையில் திரைக்கு வந்து சேர்ந்த வெளிச்சம் அது. பெட்டியில் 'ஆன்சி' என்றோ 'ஐஎஸ்ஓ' என்றோ போடாமல் வெறும் 'லூமென்ஸ்' என்று மட்டும் இருந்தால், அல்லது 'எல்இடி லூமென்ஸ்' என்று இருந்தால், அந்த எண்ணைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். நீங்கள் பார்த்த 3000 ஆன்சி கணக்கில் உள்ளதாக இருந்தால், அதுதான் அந்தக் கடையில் மிக வெளிச்சமான மெஷினாக இருந்திருக்கும்.

இதே தந்திரத்தைத் தெளிவு விஷயத்திலும் செய்கிறார்கள். '4கே சப்போர்ட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். 4கே வீடியோவைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும் என்பதுதான் அதற்கு அர்த்தம். காட்டுவது 720 புள்ளி வரிசையாகவே இருக்கலாம். 'நேட்டிவ் ரெசல்யூஷன் எவ்வளவு?' என்று கேளுங்கள். 1920க்கு 1080 என்று பதில் வந்தால் மேலே பேசலாம். வராவிட்டால் அடுத்த மெஷினைப் பாருங்கள்.

சரி, அப்படியானால் உங்கள் ஹாலுக்கு எவ்வளவு ஆன்சி வேண்டும்? நீங்கள் நினைப்பதைவிடக் குறைவுதான். 80 இன்ச் படம் என்பது 177 செ.மீ. அகலம், 100 செ.மீ. உயரம், ஒன்றே முக்கால் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அதில் 450 ஆன்சி லூமென்ஸ் விழுந்தால் சாதாரண வெள்ளைச் சுவரில் சுமார் 80 நிட்ஸ் (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு) பிரகாசம் வரும். டிஜிட்டல் சினிமா தியேட்டர்களுக்கு வகுத்திருக்கும் அளவே 48 நிட்ஸ்தான். ஆக, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டால் 450 ஆன்சி போர்ட்டபிளில் 80 இன்ச்சுக்குத் தியேட்டரைவிட நல்ல வெளிச்சம் கிடைக்கும். கலர் சரியாகத் தெரிவதற்காக 'மூவி' மோடில் வைத்தால் வெளிச்சம் கணிசமாகக் குறையும், அப்போதும் போதும். இதே மெஷினை 120 இன்ச்சுக்கு இழுத்தால் பரப்பளவு இரண்டேகால் மடங்காகிவிடும், படம் சோகை பிடித்துத் தெரியும். 'அதிகபட்சம் 200 இன்ச்' என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பிச் சுவர் முழுக்கப் படம் காட்டப் பார்க்காதீர்கள். 80 இன்ச்சோடு நில்லுங்கள். உங்கள் 43 இன்ச் டிவியைப் போல் கிட்டத்தட்ட மூன்றரை மடங்கு பரப்பு அது. பிள்ளைகளுக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

எங்கே வைப்பது? ஒவ்வொரு புரொஜெக்டருக்கும் 'த்ரோ ரேஷியோ' என்று ஒன்று உண்டு. படத்தின் அகலத்தை அந்த எண்ணால் பெருக்கினால் சுவரிலிருந்து எவ்வளவு தூரத்தில் மெஷின் இருக்க வேண்டும் என்பது வந்துவிடும். போர்ட்டபிள்களில் பல 1.2 பக்கம் இருக்கும். 177ஐ 1.2 ஆல் பெருக்கினால் 212 செ.மீ., அதாவது 7 அடி. உங்கள் ஹாலின் நட்டநடு. டீப்பாயை இழுத்துப் போட்டு அதன்மேல் வைக்கலாம், படம் முடிந்ததும் எடுத்து அலமாரியில் வைத்துவிடலாம். சுவரில் ஓட்டை போட வேண்டாம், வீட்டு ஓனரிடம் கேட்டு நிற்கவும் வேண்டாம்.

பெரிய மெஷினுக்கு இதே ஹாலில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். சாதாரண ஹோம் தியேட்டர் புரொஜெக்டருக்கு த்ரோ ரேஷியோ 1.5 என்று வைத்துக்கொள்வோம். 100 இன்ச் படம் வேண்டுமென்றால் 11 அடி தள்ளி, சீலிங்கில் தொங்க வேண்டும். 14 அடி ஹாலில் ஃபேன் எங்கே இருக்கும்? நடுவில், 7 அடியில். 48 இன்ச் ஃபேன் என்றால் இறக்கைகள் 5 அடியிலிருந்து 9 அடி வரை சுற்றும். சீலிங்கை ஒட்டிப் புரொஜெக்டரை மாட்டினால் வெளிச்சம் நேராக அந்த இறக்கைகளுக்குள் போய் விழும்; திரையில் நிழல் படபடவென்று அடிக்கும். தவிர்க்க வேண்டுமென்றால் இறக்கை மட்டத்துக்கு ஓர் அடியாவது கீழே வருகிற மாதிரி நீளமான பைப்பில் தொங்கவிட வேண்டும். அந்தப் பைப் ஃபேன் காற்றில் லேசாக ஆடினாலும் 100 இன்ச் படத்தில் நன்றாகத் தெரியும். திருச்சி வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டுப் படம் பார்ப்பது நடக்கிற காரியமா? ஏற்கெனவே கட்டி முடித்த வீடுகளில் புரொஜெக்டர் மாட்டப் போகும்போது நான் முதலில் அண்ணாந்து பார்ப்பது ஃபேனைத்தான்.

இன்னொன்று, அதிக விலை கொடுத்து வாங்கும் ஹோம் தியேட்டர் மெஷின்களின் பெரிய பலமே கறுப்பைக் கறுப்பாகக் காட்டுவது. அதற்கு அறையும் ஒத்துழைக்க வேண்டும். சுவரும் சீலிங்கும் வெள்ளையாக இருந்தால் திரையில் பட்ட வெளிச்சம் அறை முழுக்கத் தெறித்து மறுபடியும் திரைக்கே வந்து, அந்தக் கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். வாடகை வீட்டின் சுவருக்கு நீங்கள் கறுப்பு பெயிண்ட் அடிக்கப் போவதில்லை. காசைக் கொடுத்துவிட்டு அதன் பலனைப் பார்க்க முடியாமல் இருப்பானேன்?

கிரிக்கெட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். புரொஜெக்டரால் கறுப்பை அடிக்க முடியாது. திரையில் கறுப்பு என்பது வெளிச்சம் விழாத சுவர், அவ்வளவே. பகலில் திரைச்சீலை போட்ட பிறகும் உங்கள் சுவரில் 200 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமென்ஸ்) வெளிச்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 450 ஆன்சி மெஷின் 80 இன்ச்சில் அதற்குமேல் சேர்ப்பது சுமார் 255 லக்ஸ். ஆக வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம் இரண்டே கால் மடங்குதான். பந்து எங்கே போகிறது என்று தேடுவீர்கள். 3000 ஆன்சி மெஷினில் 100 இன்ச் படம் வைத்தாலும் வித்தியாசம் ஆறரை மடங்குக்குள்தான். ஸ்கோர் படிக்கலாம், மேட்ச் பார்க்கலாம். ஆனால் அந்த நேரத்தில் உங்கள் 43 இன்ச் டிவியில் படம் இதைவிட எத்தனையோ மேல். பகல் மேட்ச் டிவியிலேயே இருக்கட்டும், மாமியார் விட்டுக்கொடுத்தால். ஐபிஎல் ராத்திரி மேட்ச்சைப் புரொஜெக்டரில் போடுங்கள், அட்டகாசமாக இருக்கும்.

தம்பி சொன்ன மொட்டை மாடிக்கு வருவோம். அவர் சொல்வது நியாயம்தான், கூடவே சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். நன்றாக இருட்டிய பிறகுதான் முடியும். ஆறரை மணிக்கே பிள்ளைகளை உட்கார வைத்தால் வெறும் வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பார்கள். தெருவிளக்கு நேராக விழாத சுவராகப் பாருங்கள். பெட்ஷீட் கட்டினால் காற்றில் அலையும், பாதி வெளிச்சம் துணியைத் தாண்டிப் பின்னால் போய்விடும். மாடிப்படி அறையின் வெள்ளையடித்த சுவர் அதைவிட எவ்வளவோ நல்லது. மார்கழியில் பனி இறங்க ஆரம்பித்தால் மெஷினைக் கீழே கொண்டுபோய்விடுங்கள். கோடையில் வேறு பிரச்சினை: பெரும்பாலான மெஷின்களின் கையேட்டில் 35 அல்லது 40 டிகிரி வரைதான் இயக்கலாம் என்று இருக்கும். மே மாதம் பகலெல்லாம் காய்ந்த மொட்டை மாடித் தரையில் மெஷினை வைத்தால் கீழிருந்து வரும் சூட்டிலேயே அது அணைந்துவிடக்கூடும். ஒரு ஸ்டூல் போட்டு உயரத்தில் வையுங்கள்.

பேட்டரி உள்ள மெஷின்களில் 'இரண்டரை மணி நேரம்' என்பார்கள். அது வெளிச்சத்தைக் குறைத்து வைத்த 'ஈகோ' மோடில். நம் படங்களின் நீளத்துக்கு, பேட்டரியை மட்டும் நம்பினால் கிளைமாக்ஸ் நேரத்தில் கறுப்புத் திரைதான். மாடிக்கு ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுக்க முடியும் என்றால் பேட்டரி இல்லாத மெஷினே போதும். அதே காசில் கூடுதல் வெளிச்சம் உள்ளதாக வாங்கலாம். கரண்ட் வசதி இல்லாத இடங்களுக்கு அடிக்கடி எடுத்துப் போவீர்கள் என்றால் மட்டும் பேட்டரிக்குப் பணம் கொடுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தால் அப்படித் தோன்றவில்லை.

உங்கள் பட்ஜெட்டுக்குள் 400க்கும் 600க்கும் இடையில் ஆன்சி உள்ள, நேட்டிவ் 1080 மெஷினாகத் தேடுங்கள். உள்ளே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎல்பி சிப் (பொடிப்பொடிக் கண்ணாடிகளால் வெளிச்சத்தைத் திருப்பிப் படம் காட்டுவது) உள்ளதும் கிடைக்கும், நான் மேலே சொன்ன ஒற்றை எல்சிடி வகையும் கிடைக்கும். எல்சிடி என்றால் ஒளிப்பாதை முழுக்க மூடி சீல் செய்ததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தூசி உள்ளே போய்த் திரையில் நிழல் திட்டுகளாகத் தெரியும், துடைக்கவும் முடியாது. டிஎல்பி என்றால் குடும்பத்தோடு கடைக்குப் போங்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து ஓடும் காட்சியைப் போடச் சொல்லி, கண்ணை இடமும் வலமும் சட்டென்று ஓட்டிப் பாருங்கள். எழுத்தின் ஓரத்தில் சிவப்பு, பச்சை, நீலக் கீற்றுகள் சிலர் கண்ணுக்குத் தெரியும், பலருக்குத் தெரியாது. வீட்டில் ஒருவருக்குத் தெரிந்து தலை வலித்தாலும் அந்த மெஷின் வேண்டாம். எந்த மெஷினாக இருந்தாலும் அரை மணி நேரம் ஓடவிட்டு, சூடான பிறகு நாலு மூலையிலும் எழுத்து கூர்மையாக இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்தவற்றில் சூடு ஏற ஏற ஃபோகஸ் நகர்ந்துவிடும். ஷோரூம் சத்தத்தில் மெஷினின் விசிறிச் சத்தம் கேட்காது. காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேளுங்கள்.

மெஷினைக் கோணலாக வைத்தாலும் படம் தானாக நேராகும் என்று 'ஆட்டோ கீஸ்டோன்' செய்து காட்டுவார்கள். அது டிஜிட்டலாகப் படத்தைச் சுருக்கி நேராக்குவது. தெளிவும் வெளிச்சமும் கொஞ்சம் போகும். முடிந்தவரை சுவருக்கு நேரெதிராகவே வையுங்கள். நெட்ஃபிளிக்ஸ் பல மெஷின்களில் நேரடியாக ஓடாது, கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஓடாவிட்டால் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் செருகினால் போதும். ப்ளூடூத் ஸ்பீக்கரில் சில சமயம் உதட்டசைவுக்கும் பேச்சுக்கும் இடைவெளி விழும், அதனால் வயர் போட்டு இணைக்க ஆடியோ அவுட் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். விலை விசாரிக்கும்போது ஒரு விஷயம் நினைவிருக்கட்டும்: புரொஜெக்டர்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலை வைத்துப் பேசினால் கேளுங்கள்.

இனி புது வீடு. இதைத்தான் நீங்களும் உங்கள் கணவரும் இந்த வாரமே செய்ய வேண்டும், ஏனென்றால் லிண்டலுக்கு மேல் வேலை வேகமாக ஓடும். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி முடித்ததும், காங்கிரீட் கொட்டுவதற்கு முன் எலக்ட்ரீஷியன் வந்து தளத்தில் பைப் போடுவார். அவர் வரும் நாளில் இருவரில் ஒருவர் அங்கே இருங்கள்.

முதலில் திரை எந்தச் சுவரில் என்று முடிவு செய்யுங்கள். எதிரில் ஜன்னலோ வாசலோ இல்லாத சுவராக இருந்தால் நல்லது. அடுத்து ஃபேன். ஹால் நடுவில் ஒற்றை ஃபேனுக்குப் பதில், வெளிச்சம் போகும் பாதையை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஃபேன் பாக்ஸ் வைக்கச் சொல்லுங்கள். காங்கிரீட் போடும் முன் இது வெறும் இடமாற்றம்தான். போட்ட பிறகு இடிக்காமல் முடியாது. பிறகு திரைச் சுவரிலிருந்து 11 முதல் 13 அடி தூரத்தில் சீலிங்கில் ஒரு ப்ளக் பாயிண்ட். அதை இன்வெர்ட்டர் லைனில் சேருங்கள். நீங்கள் வாங்கும் பெரிய மெஷின் லேம்ப் வகையாக இருந்தால், சூடாக எரியும்போது சட்டென்று கரண்ட் போவது அந்த விளக்குக்கு நல்லதல்ல, ஆறாமல் மறுபடி எரியவும் எரியாது.

அந்தப் பாயிண்ட்டிலிருந்து டிவி யூனிட் வரும் இடம் வரை தனியாக ஒன்றரை இன்ச் பைப் ஒன்று. எலக்ட்ரீஷியன் முக்கால் இன்ச் போதும் என்பார், கேட்காதீர்கள். ஹெச்டிஎம்ஐ வயரின் தலையே கிட்டத்தட்ட 2 செ.மீ. அகலம். முக்கால் இன்ச் பைப்பின் முதல் வளைவிலேயே அது சிக்கிக்கொள்ளும். வளைவுகளில் எல்போ வேண்டாம், நீளமான பெண்ட் போடச் சொல்லுங்கள். கரண்ட் வயரை இந்தப் பைப்பில் விடக்கூடாது. உள்ளே ஒரு இழுவைக் கம்பியை விட்டு, இரண்டு முனையையும் காங்கிரீட் பால் போகாதபடி அடைத்து வைக்கச் சொல்லுங்கள். வயரை இப்போது வாங்க வேண்டாம். அந்த நீளத்துக்கு 4கே தடங்கலில்லாமல் போக, பெரும்பாலும் ஃபைபர் ஹெச்டிஎம்ஐதான் வாங்க வேண்டியிருக்கும். அது ஒரு திசையில் மட்டுமே வேலை செய்யும், எந்த முனை படம் வரும் செட்டாப் பாக்ஸ் பக்கம், எந்த முனை புரொஜெக்டர் பக்கம் என்று அதிலேயே எழுதியிருக்கும். இழுப்பதற்கு முன் தரையில் விரித்து இரண்டு பக்கமும் இணைத்து ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பைப்புக்குள் விட வேண்டும்.

பைப், பாயிண்ட், கூடுதல் ஃபேன் பாக்ஸ் எல்லாம் சேர்ந்தாலும் வீட்டு வேலைச் செலவில் சின்னத் தொகைதான். குடிபோன பிறகு உங்கள் கணவர் நிதானமாக மெஷின் தேடலாம். லேம்ப் வகை என்றால் மாற்று விளக்கின் விலையையும் சேர்த்துக் கேட்கட்டும். சாதாரண மோடில் 4000, 5000 மணி நேரம் வரும். தினம் மூன்று மணி நேரம் பார்த்தால் நாலு வருடம். லேசர், எல்இடி வகைகள் 20,000 மணி நேரத்துக்குச் சொல்கிறார்கள். அன்றைக்கு இந்தப் போர்ட்டபிள் வீணாகாது, பிள்ளைகள் அறைக்கோ மாடிக்கோ போய்விடும்.

ஸ்கிரீன் இப்போது வேண்டாம். ஹாலின் 11 அடிச் சுவரில் ஆணி, காலண்டர் எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து, பளபளப்பில்லாத வெள்ளை எமல்ஷன் ஒரு கோட் அடித்துக்கொள்ளுங்கள்; ஒரு லிட்டர் டப்பா தாராளமாகப் போதும். வெள்ளைதானே, ஓனரும் ஒன்றும் சொல்ல மாட்டார். ஸ்கிரீன் வாங்குவதைப் பெரிய மெஷினோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதன் அளவு, அந்த மெஷின் எங்கே தொங்குகிறது என்பது தெரிந்த பிறகுதான் சரியாக வரும்.